பத்தாயத்தைப் பீரோ என்ற சாம்பியன்

ஜெகன் வாளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது போட்டிக்கு இன்னும் ஆள் சேர்க்கவே ஆரம்பிக்கவில்லை. வாள் அட்டையில் வெட்டியது. மேலே ஒட்டியிருந்த வெள்ளித் தாள் பிரியாணிப் பொட்டலம் மடிக்கிற தாள். பின்னணியில் கோபுரம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாளோடு கோவிலுக்குள் போக முடியாது என்று தெரிந்ததும் அகழிக் கரைக்கு இறங்கினார். இரண்டு ஆடுகள் பின்னால் மேய, தஞ்சாவூரின் வருங்காலச் சாம்பியன் படமானார்.

"அண்ணே, ஆடு தெரியுதுண்ணே," என்றான் இளம்பரிதி. ஜெகனின் கேமராமேன், எடிட்டர், ஆமாம்சாமி மூன்றும் அவன்தான்.

"ஆட்டை அப்புறம் அழிச்சுக்கலாம்டா. வாள் பளபளன்னு வருதா?"

"வருதுண்ணே. கொஞ்சம் மசாலா வாசனையும் வருது."

இத்தனை அலங்காரம் எதற்கு என்றால், 'கொத்தளம்' என்ற கார்டு விளையாட்டை விற்கும் கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டிருந்தது. டெல்டா மாவட்டப் போட்டியில் ஜெயிப்பவரின் முகமும் பெயரும் அடுத்த வெளியீட்டில் ஒரு கார்டில் அச்சாகும். எந்தக் கார்டு என்பதை ஜெயித்தவரே சொல்லலாம். நாடு முழுக்கப் பாக்கெட்டுக்குள் புகுந்து அந்த முகம் போகும். ஜெகனைப் பொறுத்தவரை போட்டி வெறும் சடங்கு. கம்பெனிக்குப் போட்டோ கொடுப்பதுதான் காரியம்.

போட்டி நடக்கும் இடம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடி. கடைக்காரர் சித்தீக், அதிராம்பட்டினத்துக்காரர். வீட்டில் எல்லோரும் தேங்காய் வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் கார்டு விற்கக் கிளம்பியவர். மாடியில் சீட்டாட்டம் நடக்கிறது என்று எவரோ போன் செய்து, ஒருமுறை ஒரு போலீஸ்காரர் வந்தார். யானை, குதிரை, மந்திரவாதி என்று படங்களைப் புரட்டிப் பார்த்தார். பணம் எங்கே என்று கேட்டார். பணம் வைத்து ஆடுவதில்லை என்றதும், "அப்புறம் எதுக்குய்யா ஆடுறீங்க?" என்று மனம் வெறுத்துப் படி இறங்கினார்.

ஆட்டம் எளிது. எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஆளுக்கொரு பாக்கெட் பிரிப்பார்கள். பிடித்த ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கம் இருப்பவரிடம் தள்ளுவார்கள். வலப்பக்கத்திலிருந்து வருவதில் ஒன்றை எடுப்பார்கள். இப்படியே பாக்கெட் தீரும்வரை, பிறகு இன்னொரு பாக்கெட். எடுத்த கார்டுகளை அடுக்கினால் அதுதான் அவரவர் கட்டு. அப்புறம் இரண்டிரண்டு பேராக மோதல். எதிரியின் மதிலை இடித்தால் வெற்றி. இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு முறையும் தன் கட்டிலிருந்து ஒரு கார்டு உருவ வேண்டும். உருவுவதற்குக் கார்டு இல்லாதவர் தோற்றார்.

இந்த இரண்டாவது வழியை மாடியில் யாரும் மதித்ததில்லை. ஜெகன் மதிக்கவில்லை என்பதுதான் காரணம்.

ஜெகனுக்கு வலங்கைமான் பக்கம் பூர்வீகம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நாளான பிறகும் 'எங்க பண்ணை' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். 'கோட்டை ஜெகன்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்தினார். புதுக் கார்டுகள் வந்தவுடன் ஒவ்வொன்றுக்கும் தரம் போடுவார். மேலே தங்கம், கீழே குப்பை. மன்னார்குடி முதல் கும்பகோணம் வரை கார்டு ஆடுகிற அத்தனை பேரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பாக்கெட்டையே பிரிப்பார்கள். கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. படித்தால் தலைவலி வரும் என்று டாக்டர் சொல்லியிருப்பார் போல.

இந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருத்தி வந்து சேர்ந்தாள். கனிமொழி. நன்னிலம் பக்கத்துப் பெண். மெடிக்கல் காலேஜ் சாலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அப்பா கண்ணுசாமி முப்பது வருஷம் ஊரார் வயலில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். பெண் நாளெல்லாம் கருப்பு வெள்ளைப் படங்களில் மற்றவர் கண்ணுக்குத் தப்புகிற கீறலைத் தேடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி வந்து ஓரமாக உட்காருவாள்.

சில வாரங்களிலேயே அவளுக்கு ஒன்று புரிந்துபோனது. ஜெகன் குப்பை என்று சொன்ன கார்டுகள் மேசையைச் சுற்றி ஏழு பேர் கை மாறி, ஒரு நகக்கீறல்கூட இல்லாமல் அவளிடம் வந்து சேர்ந்தன. அதிலும் சேற்றுக் கார்டு. பழுப்பு நிறம், அசிங்கமான படம், அடிக்கும் பலம் பூஜ்யம். விரித்தால் விரித்த இடத்தில் கிடக்கும். ஒன்று கிடந்தால் எதிரியின் குதிரை தாண்டிப் போய்விடும். ஏழெட்டு சேர்ந்தால் யானையே புதையும். ஆனால் ஏழெட்டைச் சேர்த்துப் பார்த்தவர் எவருமில்லை.

கனிமொழி சேர்த்தாள். அந்த ஞாயிறு எதிரே உட்கார்ந்தது ஜெகன். அவருடைய தங்கத் தரக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்தன. கடைசியில், முதலில் ஆடிய அவருக்கு உருவுவதற்குக் கார்டு இல்லை. மதிலில் ஒரு கல்கூடப் பெயராமல் சாம்பியன் தோற்றார்.

ஜெகன் சிரித்தார். தோற்றால் சிரிக்கிற ரகம்.

"சேறு உங்களுக்கெல்லாம் கைவந்த கலை மேடம். எங்களுக்கு வராது."

சுற்றி இருந்தவர்களுக்குத் திடீரென்று தங்கள் கார்டுகளை அடுக்குவதில் பெரும் அக்கறை வந்தது. அந்த 'உங்களுக்கெல்லாம்' எந்தத் தெருவரை போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பழக்கம்தாங்க," என்றாள் கனிமொழி. "உங்கள மாதிரி ஆளுங்க வயல்லதான் பழகினோம். நீங்க அந்தப் பக்கம் வந்ததில்லையே, அதான் எங்களப் பார்த்திருக்க மாட்டீங்க."

சித்தீக் இருமினார். இருமலுக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு ஜெகன் ஆடவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கனிமொழியின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இளம்பரிதி கேமராவோடு பக்கத்தில். அவள் எதை எடுக்கிறாள், எதை விடுகிறாள் என்று குறிப்பெடுப்பவர் போல முகம். ஆட்டத்தின் நடுவில் அவள் ஒரு கார்டை வைத்து, செலவான கார்டுகளில் சிலவற்றை எடுத்துக் கட்டின் அடியில் செருகினாள்.

"இந்தப் பீரோவை எதுக்கு மேடம் எடுத்தீங்க?"

கார்டின் பெயர் பீரோ அல்ல. பத்தாயம். கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. படத்தில் ஆளுயர மரப்பெட்டி, கீழே நெல் சரிகிற சின்னத் துவாரம். ஜெகன் பெயரைப் படிக்காமல் படத்தைப் பார்த்து, தன் வீடியோவில் 'இது ஒரு பீரோ கார்டு, குப்பை' என்று தீர்ப்பெழுதியிருந்தார். அன்று முதல் டெல்டா முழுக்க அது பீரோவானது. நெல் விளையும் ஊரில் பிறந்தவர்கள்; அறுத்த அன்றே கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் கடையில் பை அரிசி வாங்குகிறவர்கள். பத்தாயத்தைக் கண்டார்களா, பீரோவைக் கண்டார்களா.

"சும்மா இடத்த அடைக்குறதுக்குங்க," என்றாள் கனிமொழி.

"அதானே பார்த்தேன்."

அந்த வாரமே வீடியோ வந்தது. 'கோட்டை ஜெகனின் மாபெரும் கண்டுபிடிப்பு: சேற்று வியூகம்.' யாரும் சீண்டாத கார்டுகளை இரவு பகலாக ஆராய்ந்து தான் கண்ட உண்மை என்றார். சேறு இனி தங்கத் தரம் என்றார். பொறுமையாக உட்கார்ந்தால் எதிரியின் கட்டு தானாகத் தீரும் என்றார். தன்னுடையதும் தீருமே என்ற கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். முதலில் ஆடுபவர்தான் முதலில் உருவுகிறார். அதனால் அவர்தான் முதலில் தீருவார். ஆகவே எப்போதும் இரண்டாவதாக ஆடுங்கள், நண்பர்களே.

கடைசியில் அட்டை வாளை உயர்த்திப் பிடித்து ஒரு அறிவிப்பு. "ஜெயிச்சதும் என் முகம் எந்தக் கார்டுல வரும்னு நிறைய பேர் கேக்குறீங்க. சேத்துலதான் வரும். சேத்துக்கு ஒரு ராஜா முகம் வேணும்ல."

மத்தியான இடைவேளையில் கனிமொழி அதைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். ஆட்டத்தைத் திருடியதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அப்பா முப்பது வருஷம் முழங்கால் வரை நின்ற சேறு. அதில் இந்த வெள்ளித் தாள் கத்தி ராஜாவாக நிற்கப்போகிறது. நாடு முழுக்க, பாக்கெட் பாக்கெட்டாக. அது மட்டும் நடக்கக் கூடாது.

சாயந்திரம் சித்தீக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"உன் ஆட்டத்த அப்படியே தூக்கிட்டாம்மா. நீ ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற."

"அப்படியே தூக்கலைங்க பாய்."

"பின்ன?"

"எங்க பக்கம் ஒருத்தர் கோடையில பருத்தி போட்டாரு. நல்ல விளைச்சல், நல்ல விலை. அடுத்த வருஷம் ஊரே பருத்தி. வாசல்ல பஞ்சு, மாடியில பஞ்சு, மாட்டுக் கொட்டகையில பஞ்சு. சீந்த ஆளில்ல. மொத வருஷம் போட்டாரே, அவரு அந்த வருஷம் உளுந்து தெளிச்சுட்டு வேடிக்க பார்த்துக்கிட்டு இருந்தாரு."

சித்தீக் டீயைக் கீழே வைத்தார். "சரி, நம்ம உளுந்து எதும்மா?"

"டீ நல்லாருக்குங்க," என்றாள் கனிமொழி.

போட்டி நாள் வந்தது. இறுதி மேசைக்கு எட்டுப் பேர். ஏழு பேரும் சேற்று வியூகத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இந்த அக்கறை காட்டியிருந்தால் பெற்றவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். சித்தீக் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கினார். கனிமொழிக்கு நேர் இடப்பக்கம் ஜெகன். அதாவது அவள் விடுவதெல்லாம் முதலில் அவர் கைக்குப் போகும்.

முதல் பாக்கெட்டைப் பிரித்தாள். சேறு மூன்று. மினுமினுக்கும் குதிரை ஒன்று. பத்தாயம் ஒன்று. பத்தாயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கம் தள்ளினாள்.

ஜெகன் விரித்துப் பார்த்தார். மூன்று சேறும் அப்படியே இருந்தன. அவர் முகம் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவர் முகமானது.

"மேடம், கண்ணாடி மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"உங்களுக்குன்னுதாங்க விட்டேன்."

"மேசையில பேச்சு வேணாம்," என்றார் சித்தீக்.

வலப்பக்கத்திலிருந்து வந்த பாக்கெட்டுகளில் சேறு ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருந்தது. போன மாதம் அடித்துக்கொண்ட குதிரைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. கனிமொழி குதிரை எடுத்தாள். பத்தாயம் கண்ணில் பட்டபோதெல்லாம் குதிரையை விட்டு அதை எடுத்தாள். எந்தப் பாக்கெட்டிலும் சேற்றை மட்டும் தொடவே இல்லை. எல்லாம் முதலில் ஜெகன் கைக்கு. ஒரு மேசைக்கு ஒரு சேற்றுக்காரர் தாங்கும். ஏழு பேர் இறங்கினால் ஆளுக்குக் கணுக்கால்தான் நனையும். ஜெகனுக்கு மட்டும் கழுத்து வரை கிடைத்தது.

அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மடை நிறையத் தண்ணீர் வருகிறவர், எதற்கு வருகிறது என்று கேட்பதில்லை. கிடைத்ததையெல்லாம் எடுத்தார். குதிரை எடுக்கவில்லை. யானை எடுக்கவில்லை. எதற்கு, அதான் சேறு இருக்கிறதே.

மோதல் தொடங்கியது. அரைகுறைச் சேற்றோடு வந்த இருவரைக் கனிமொழியின் குதிரைகள் சுலபமாகத் தாண்டின. அந்தப் பக்கம் ஜெகனும் இருவரைப் புதைத்தார். இரண்டு முறையும் இரண்டாவதாக ஆடினார். இரண்டு முறையும் எதிரி முதலில் தீர்ந்தார். வியூகம் பிசகவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு நாணயம் சுண்டினார்கள். ஜெகன் கேட்டது விழுந்தது.

"லேடீஸ் ஃபர்ஸ்ட்," என்றார் ஜெகன், இளம்பரிதியின் கேமராவைப் பார்த்து.

கனிமொழி குதிரையை இறக்கினாள். ஜெகன் சேற்றை விரித்தார். இன்னொரு குதிரை. இன்னொரு சேறு. கொஞ்ச நேரத்தில் மேசையின் நடுவே முழுப் பழுப்பு. அவளுடைய குதிரைகள் புதைந்து புதைந்து செலவான குவியலுக்குப் போயின. அவருடைய மதிலில் கீறல் இல்லை. அவளுடையதிலும் இல்லை. மதிலை அடிக்க அவரிடம் ஒன்றுமில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"இன்னும் ஒரு குதிரை இருக்கா மேடம்? அனுப்புங்க, குளிப்பாட்டித் தரேன்."

கனிமொழி பத்தாயத்தை வைத்தாள்.

"ஆகா, பீரோ வந்துடுச்சு." ஜெகன் நாற்காலியில் சாய்ந்தார். "துணிமணியெல்லாம் மடிச்சு வைங்க மேடம். ஊருக்குக் கிளம்ப வேணாமா?"

மாடி சிரித்தது. புதைந்த குதிரைகளில் மூன்றை எடுத்து அவள் தன் கட்டின் அடியில் வைத்தாள். அவளுக்கு அவசரமில்லை. சில முறை கழித்து இன்னொரு பத்தாயம். மறுபடி மூன்று கார்டு. மூன்றாவது பத்தாயம் வந்தபோது 'பீரோ' என்று கத்தியவர்களின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முதலில் பார்த்தது கேமராதான். இரண்டு கட்டுகளும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி இளம்பரிதி வைத்திருந்தான். ஒன்று செங்கல் கனம். இன்னொன்று கடைசிப் பந்தி அப்பளம்.

"அண்ணே," என்றான் மெதுவாக. "உங்க கட்டுண்ணே."

ஜெகன் குனிந்து பார்த்தார். கையில் இருந்த கார்டுகளை விரித்தார். சேறு. சேறு. சேறு. எதையும் நிறுத்தக்கூடிய சேறு. ஆனால் ஒரு அடி நடந்துபோய் எதிரியின் மதிலைத் தொட அதனால் முடியாது. நடக்கிற கார்டு ஒன்றுகூட அவர் எடுத்திருக்கவில்லை. எடுப்பானேன் என்று அவர்தான் வீடியோவில் விளக்கியிருந்தார்.

"இது என்ன கார்டு? இத நான் படிக்கணும்."

"பீரோங்க," என்றாள் கனிமொழி.

"பாய், இது செல்லுமா?"

சித்தீக் கார்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, மாடி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "பத்தாயம். உன் செலவான கார்டுகளில் மூன்றை எடுத்துக் கட்டின் அடியில் வை." திருப்பிக் கொடுத்தார். "செல்லும். வந்த நாள்லேர்ந்து செல்லுது. நீங்க ஒவ்வொரு குதிரையா அடிச்சு அனுப்புனீங்க, அது எடுத்துச் சேத்து வச்சுது."

மிச்சமிருந்த கார்டுகளை ஜெகன் ஒவ்வொன்றாக உருவினார். ஒவ்வொரு முறையும் அவர் நம்பினார் என்பதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் அவர் கை போய் வெறும் மேசையைத் தொட்டது. பழக்கத்தில் ஒருமுறை விரலால் சுரண்டியும் பார்த்தது.

"முடிஞ்சுதுங்க," என்றார் சித்தீக்.

"இது ஆட்டமா? இது பத்தாயம்னு யாருக்குத் தெரியும்? எங்க பண்ணையில நான் பார்த்ததே இல்ல."

"இருந்துச்சேண்ணே," என்றான் இளம்பரிதி. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "உங்கப்பா ஒரு ரிசார்ட்காரங்களுக்குக் கொடுத்தாங்களே, அதாண்ணே பத்தாயம். நாம அங்க போனப்ப ரூம்ல பார்த்தோம்ல. துண்டு மடிச்சு வச்சிருந்தாங்க."

"அங்க அது பீரோதாங்க," என்றாள் கனிமொழி. "அவர் சொன்னதுல தப்பில்ல."

ஜெகன் எழுந்தார். அட்டை வாள் சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொள்ளாமல் இறங்கிப் போனார். செருப்புக் கடை வாசலில் அவர் செருப்பைத் தேடுகிற சத்தம் மாடிவரை கேட்டது.

சித்தீக் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "கம்பெனியில கேக்குறாங்கம்மா. எந்தக் கார்டுல உன் முகம் வரணும்? தங்கச் சக்கரவர்த்தின்னு ஒண்ணு வருதாம். நூறு பாக்கெட்டுக்கு ஒண்ணுதான் கிடைக்குமாம். கௌரவமா இருக்கும்."

"எல்லாப் பாக்கெட்லயும் வர்ற கார்டு எதுங்க பாய்?"

"சேறுதான். அது மலிவு கார்டாச்சே."

"அதுல போடச் சொல்லுங்க."

அவளைப் படமெடுக்க இளம்பரிதியே முன்வந்தான். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் சாயத் தெரிந்த பையன். "வாள் இருக்குக்கா, பிரியாணித் தாள் ஒட்டினது. பிடிச்சுக்குறீங்களா?"

"இன்னும் மசாலா வாசனை வருதா?"

முகர்ந்து பார்த்தான். "லேசா வருதுக்கா."

"அப்ப வேணாம்."

ஸ்கேன் சென்டர் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சிரிக்காமல் நின்றாள். அப்படியேதான் அச்சாகியும் வந்தது. பழுப்புப் பின்னணியில் முழங்கால் வரை சேறு, மேலே கனிமொழி, நன்னிலம்.

புதுப் பாக்கெட்டுகள் வந்த ஞாயிறு ஜெகனும் வந்தார். மாடியை விட்டால் அவரை யார் மதிப்பார்கள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்தார். முதல் கார்டிலேயே அந்த முகம். சுட்டதுபோல் விரலை எடுத்தார். வேறெதையோ கைக்கு வந்தபடி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவசரமாக இடப்பக்கம் தள்ளினார்.

இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் பாக்கெட்டை விரித்து, தன் முகத்தைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ் சார்," என்றாள். "அடுத்த பாக்கெட்லயும் இருக்கும். பார்த்துத் தள்ளுங்க."